கோர்ட்டுக்கு எழுதிய வரவு நோட்டு

ஜூன் 9, திங்கள்

இந்த நோட்டைக் கோர்ட்டுக்காக எழுதுகிறேன். நீதிபதி கையில் போகப்போவது என்பதால் கெட்டி அட்டை போட்டதாகப் பார்த்து வாங்கினேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நான்கு ரூபாய் குறைத்துக்கொண்டார். நான் கேட்கவே இல்லை.

வக்கீல் தமயந்தி அம்மா சொன்னது இதுதான்: "வைரக்கண்ணு ஐயா, உங்களுக்கு மாசச் சம்பளம் கெடையாது. ஒரு மாசம் இருபதாயிரம் வருது, அடுத்த மாசம் இருநூறு வருது. ஜட்ஜு கேட்டா எதைக் காட்டுவீங்க? தெனம் வந்ததைத் தெனம் எழுதுங்க. வரலைன்னா இல்லைன்னு எழுதுங்க. மேல என்ன வேணா எழுதிக்கங்க, அந்தக் கடைசி வரியில மட்டும் கதை விடாதீங்க."

சரி என்றேன். கடைசி வரி கோர்ட்டுக்கு. மேலே உள்ளது எனக்கு.

என்னைத் தெரியாத நீதிபதியாக இருந்தால் அவருக்காக: வைரம் ரேடியோஸ் உரிமையாளர் நான்தான். பேராவூரணி சுற்றுவட்டாரத்தில் நாற்பது கிராமத்துக்கு மைக்செட், சீரியல் லைட், அறிவிப்பு எல்லாம் நான். ஒரு திருவிழாவில் என் குரலைக் கேட்டு மந்திரியே காரை நிறுத்தி இறங்கிவந்து கைகொடுத்தார். இறங்கியது மந்திரியின் டிரைவர் என்று என் மனைவி பவளக்கொடி சொல்வாள். கார் மந்திரியுடையதுதானே? படிப்பு எட்டாம் வகுப்பு. அந்தக் காலத்து எட்டு.

மூன்று வருடம் முன்னால் புது ஸ்பீக்கர் பாக்ஸும் ஜெனரேட்டரும் வாங்கக் கடன் வாங்கினேன். அதன் பிறகு ஊரெல்லாம் தஞ்சாவூரிலிருந்து டிஜே செட் இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடன் இப்போது பதினொரு லட்சம். சின்ன ஆளுக்கு யாரும் பதினொரு லட்சம் கொடுக்கமாட்டார்கள். இனி அடைக்க வழியில்லை என்று கோர்ட்டில் ஐ.பி. மனு கொடுக்கப்போகிறேன். ஊரில் மஞ்சள் கடுதாசி என்று இளப்பமாகச் சொல்வார்கள். மில் முதலாளிகள் கொடுக்கிற கடுதாசி அது. மைக்செட்காரர்களில் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வரவு: இல்லை.

ஜூன் 12, வியாழன்

வக்கீல் ஆபீசில் மூன்று மணி நேரம். அந்த அம்மா கேட்கக் கேட்க நான் கடகடவென்று ஒப்பித்தேன். பேட்டரிக் கடைக்கு அறுபத்திரண்டாயிரம், ஜெனரேட்டர் தவணை மூன்றரை லட்சம், சில்லறையாக ஒரு பத்துப் பேர். பெரியது மருதையன் பைனான்ஸ். நாலரை லட்சம் வாங்கியது, வட்டியோடு ஆறு லட்சத்து எண்பதாயிரம்.

"மருதையன் கடனுக்கு யாராச்சும் ஜாமீன் போட்டிருக்காங்களா?"

"என் பேருக்கு எதுக்கும்மா ஜாமீன்?" என்றேன்.

என் தங்கை இந்திராவின் கையெழுத்து ஒன்று அதில் இருக்கிறது. ஒரே ஒரு கையெழுத்து. அதைச் சொல்லி அந்த அம்மாவின் நேரத்தைக் கெடுக்கவில்லை.

"உங்களுக்கு யாராச்சும் பணம் தரவேண்டியது இருக்கா?"

இல்லை என்றேன். இது பொய் இல்லை. மொய் நோட்டில் முன்னூற்றுப் பன்னிரண்டு வீட்டில் எட்டு லட்சத்து நாற்பதாயிரம் நிற்கிறது. ஆனால் மொய் கடனா? அவர்கள் வீட்டு விருந்துக்கு நான் போய்ச் சாப்பிட்டுச் செய்தேன். நான் விருந்து வைத்தால் அவர்கள் வந்து சாப்பிட்டுத் திருப்பிச் செய்வார்கள். எங்கள் பக்கத்தில் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வீடும் வைக்கும், எனக்கு இந்த ஆடியில் முறை. இதைக் கோர்ட்டில் எழுதினால் முன்னூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் வசூலிக்க அமீனா போவார். அப்புறம் நான் எந்தத் தெருவில் மைக்செட் குழாய் கட்டுவது?

நோட்டைப் பழைய பாக்ஸின் உள்ளே, ஸ்பீக்கர் கழற்றிய ஓட்டையில் வைத்துப் பலகை அடித்துவிட்டேன்.

வரவு: இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

அம்மன் கோயில் பால்குடம். ஒரு லட்சம் பேர் இருப்பார்கள். என் குரல் கடல் வரை கேட்டதாக மீன் விற்க வந்தவர் சொன்னார்.

வரவு: 1,200.

ஜூன் 18, புதன்

இந்திரா வந்தாள். புருசன் தவறிப்போன பிறகு அவளுக்கு இருப்பது இரண்டு: அவர் சிங்கப்பூரில் பெயின்ட் அடித்துக் கட்டிய வீடு, மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள் நிவேதா. வீடு மெயின்ரோட்டில் இருக்கிறது. புதுப் பைபாஸ் அதன் பக்கத்தில்தான் ஏறுகிறது.

"அண்ணே, நேத்து ரெண்டு பேரு பைக்குல வந்தாக. வாசல்லேருந்து ரோடு வரைக்கும் டேப்பு வச்சு அளந்தாக. யாருன்னு கேட்டா, சும்மாதாம்மாங்குறாக."

"கரண்டு ஆபீசு ஆளுக. போஸ்ட்டு மாத்தப்போறாங்க. நாந்தான் சொல்லிவிட்டேன், என் தங்கச்சி வீட்டுக்கு நல்ல போஸ்ட்டாப் போடுங்கன்னு."

"கரண்டு ஆபீசுக்காரவுக செருப்பக் கழட்டாம அடுப்படி வரைக்குமா வருவாக?"

பவளக்கொடி என்னைப் பார்த்தாள். நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். முப்பது மீட்டர் ஒயரை அரை நிமிடத்தில் சுற்றுபவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான்.

வரவு: இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

மருதையன் வீடு தேடி வந்தார். அந்த அளவுக்கு நம் மரியாதை இருக்கிறது. ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், வெள்ளைச் சட்டை, சத்தமே போடமாட்டார். காது கொடுத்துத்தான் கேட்க வேண்டும். மைக்செட்காரன் எனக்கு அது சிரமம்.

"கடுதாசி குடுக்கப்போறதாக் கேள்விப்பட்டேன்ணே."

"ஆமாந் தம்பி. சட்டப்படி..."

"குடுங்கண்ணே. சந்தோசமாக் குடுங்க. நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். பீஸுக்குக் கொறைஞ்சாக்கூடக் கேளுங்க."

போகும்போது பவளக்கொடியிடம், "பழத்தைத் தங்கச்சி வீட்டுக்கும் ரெண்டு குடுத்துவிடுங்க மதினி. அந்த வீட்டுல மாமரத்துக்கு எடமிருந்தும் வைக்காம விட்டுட்டாங்க" என்றார்.

பயந்துவிட்டான் என்று சொல்லிச் சிரித்தேன். பவளக்கொடி சிரிக்கவில்லை. பழத்தை ஒருத்தரும் தொடவில்லை. சாயங்காலம் கூடையோடு மாட்டுக்குப் போட்டாள்.

வரவு: இல்லை. (பழம் எழுதவேண்டுமா என்று வக்கீலிடம் கேட்க வேண்டும்.)

ஜூலை 2, புதன்

மனு தயார். பதினேழு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்து. எனக்கு வரவேண்டிய தொகை யாரிடமும் எதுவும் இல்லை என்று ஒரு பத்தி. எல்லாம் உண்மை என்று சத்தியம் செய்து அதன் கீழே ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்கு மட்டும் கீழே இரண்டு கோடு இழுத்தேன். குமாஸ்தா, "ஐயா கையெழுத்து கலெக்டர் மாதிரி இருக்கு" என்றார்.

பாக்ஸ்களுக்கு ஆறு லட்சம் மதிப்பு என்றுதான் சொன்னேன். வக்கீல் நேரில் வந்து பார்த்துவிட்டு நாற்பதாயிரம் என்று போட்டுவிட்டார். "புதுசுன்னு சொன்னீங்க? இது ரெண்டாங்கைதானே? நாலரை லட்சம் எங்க போச்சு?" என்று கேட்டார்.

அதில் ஒன்றரை லட்சம் பாக்ஸுக்குப் போனது. மீதி மொய்யாகப் போனது. மூன்று ஆடி, மூன்று ஆவணி. ஐநூறு செய்ய வேண்டிய இடத்தில் ஐயாயிரம் செய்தவன் நான். என் பெயரை நானே மைக்கில் வாசிக்கும்போது பந்தலே திரும்பிப் பார்க்கும். இதை வக்கீலிடம் எப்படிச் சொல்வது? "ரிப்பேர் செலவும்மா" என்றேன்.

வரவு: 600.

ஜூலை 9, புதன்

வெற்றி! மனுவை எடுத்துக்கொண்டார்கள். வழக்கு முடியும் வரை கடன்காரர் எவரும் என்மேல் கைவைக்கக் கூடாதென்று உத்தரவு. டீக்கடையில் சத்தமாகவே சொன்னேன்: "இனிமே என்னை யாரும் தொடணும்னா ஜட்ஜையாவைக் கேட்டுட்டுத்தான் தொடணும்."

என் பழைய கூட்டாளி செவந்தியப்பன் டீயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்: "அப்ப மஞ்சக் கடுதாசி குடுத்துட்டேங்குற."

"குடுத்தாச்சு. பதினேழு பக்கம்."

"அந்தக் காயிதத்தை மத்தவங்களும் பாக்கலாமாப்பா?"

"கடன்காரங்களுக்கெல்லாம் ஒரு நகல் போகும். என் கையெழுத்தைப் பாத்தியன்னா அசந்துபோவ."

அவன் டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனான். எனக்கும் சேர்த்துக் கொடுப்பது அவன் வழக்கம். இன்று மறந்துவிட்டான்.

வரவு: இல்லை.

ஜூலை 10, வியாழன்

மழை.

வரவு: இல்லை.

ஜூலை 16, புதன்

இந்திராவுக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. மருதையனின் வக்கீல் அனுப்பியது. கடன் வாங்கியவர் கோர்ட் பாதுகாப்பில் இருப்பதால் ஜாமீன்தாரர் முப்பது நாளில் ஆறு லட்சத்து எண்பதாயிரம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அவர் எழுதிக் கொடுத்த கிரய ஒப்பந்தப்படி வீடு மருதையனுக்கு.

இந்திரா அன்றைக்குக் கையெழுத்துப் போட்டது மூன்று காகிதம் என்று இப்போதுதான் எனக்கும் ஞாபகம் வருகிறது. "படிச்சுப் பாத்துட்டியாண்ணே?" என்று அவள் கேட்டதும், "உன் அண்ணன் படிக்காம உன்னைப் போடச் சொல்வானா?" என்று நான் சொன்னதும்கூட.

தமயந்தி அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஜாமீன் இருக்கான்னு நான் கேட்டனா இல்லையா? இந்த மனு உங்களைத்தான் காப்பாத்தும். ஜாமீன் போட்டவங்களைக் காப்பாத்தாது. நீங்க பாதுகாப்பா இருக்கீங்கங்கறதாலதான் அவங்க மேல நேராப் பாய்றான். அவனுக்கு உங்க பணம் வேண்டாம்யா. அந்த எடந்தான் வேணும். இது உங்களுக்குப் புரியலையா?"

புரிந்தது என்றேன். எனக்கு எல்லாம் சீக்கிரம் புரியும்.

வரவு: இல்லை.

ஜூலை 18, வெள்ளி

பவளக்கொடி பாக்ஸின் பலகையைச் சுத்தியால் பெயர்த்து மொய் நோட்டை எடுத்து என் மடியில் போட்டாள். ஒளித்த இடம் அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"விருந்து வையிங்க. வர்றதை அப்புடியே மருதையன் மூஞ்சில விட்டெறிஞ்சு இந்திரா பத்திரத்தை வாங்கிட்டு வாங்க."

"மனுவுல எனக்கு வரவேண்டியது ஒண்ணுமில்லைன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்டி. விருந்து வச்சேன்னா நாளைக்கே கோர்ட்டு கேக்கும்."

"அப்ப மனுவை வாபஸ் வாங்குங்க."

"பாதுகாப்பு போயிரும்."

"யாருக்குப் போயிரும்?"

திங்கட்கிழமை வாபஸ் மனு. மொய்க் கணக்கைச் சொன்னதும் வக்கீல் ஒரே கேள்வி கேட்டார்: "எட்டு லட்சமும் வரும்னு உறுதியாத் தெரியுமா?" நான் வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் கொலை செய்தவன்கூட ஜாமீனில் வந்து மொய்யைச் செய்துவிட்டுத்தான் ஜெயிலுக்குத் திரும்புவான்.

வரவு: இல்லை.

ஜூலை 28, திங்கள்

வாபஸ் ஆகிவிட்டது. வழக்கு இல்லை, நோட்டும் தேவையில்லை. பழக்கம் விடவில்லை.

இன்று மட்டும் எழுபது வீட்டுக்கு அழைப்பு கொடுத்தேன். ஆகஸ்ட் பத்து, ஞாயிறு. அழைப்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். எல்லோரும் சிரித்த முகம். யாரும் உட்காரச் சொல்லவில்லை. வெயில் காரணம்.

மளிகைக் கடையில் நான் நுழைந்தபோது நாலைந்து பேர் ஒரு காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருவர் அதைப் பருப்பு மூட்டைக்கு அடியில் செருகினார். ஜெராக்ஸ் காகிதம். கடைசியில் இருந்த கையெழுத்துக்குக் கீழே இரண்டு கோடு இருந்ததுபோல் தெரிந்தது. இரண்டு கோடு இழுப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

வரவு: 900.

ஆகஸ்ட் 9, சனி

எட்டுக் கிடா. ஆயிரம் இலை. பந்தலும் கடன், கிடாவும் கடன். என் முகத்துக்காகக் கொடுத்தார்கள். இந்திரா காலையிலிருந்து வெங்காயம் உரிக்கிறாள். "எவ்வளவுண்ணே வரும்?" என்றாள். "எட்டரை தாண்டும்" என்றேன். "மிச்சத்துல உனக்கு மாடியில ஒரு ரூம் எடுத்துருவோம்."

அவள் சிரித்தாள். நோட்டீஸ் வந்த பிறகு இன்றுதான் சிரித்தாள்.

வரவு: இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இப்படி ஒரு விருந்தை இந்த வட்டாரம் கண்டதில்லை. எட்டுக் குழாய், மூன்று ஊருக்குக் கேட்கும்படி கட்டியிருந்தேன். மொய் மேசையில் நிவேதா எழுத உட்கார்ந்தாள். பெயரும் தொகையும் நானே மைக்கில் வாசிப்பேன் என்று முடிவு.

பத்து மணிக்குப் பந்தி ஆரம்பம். பதினொன்றரைக்கு இரண்டாம் பந்தி இருக்கும் என்று நினைத்தேன். முதல் பந்தியே நிறையவில்லை. ஆடிக் காற்று அதிகம்.

செவந்தியப்பன் வந்தான். வயிறாரச் சாப்பிட்டான். மேசைக்கு வந்து ஐநூறு ரூபாயை வைத்தான்.

"என்ன செவந்தி, நோட்டுல இருபத்தஞ்சாயிரம் நிக்குது?"

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தான். "நீதானப்பா சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்திருக்க, ஒனக்கு யாரும் ஒத்த ரூவா தரவேண்டியதில்லைன்னு. இந்தா, கோர்ட்டு முத்திரை. கோர்ட்டுல இல்லைன்னுட்டு எங்கிட்ட இருக்குங்குற. இதுல எதுப்பா பொய்யி?"

"மனுவைத்தான் வாபஸ் வாங்கிட்டேனே..."

"மனுவை வாங்குன. சத்தியத்தையுமா வாங்குன?"

மைக்கை நான் அணைக்கவில்லை. மூன்று ஊரும் கேட்டது. அடுப்படியில் இந்திராவும் கேட்டாள்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அதே காகிதத்தைக் காட்டவில்லை. காட்டத் தேவையில்லை. ஐநூறு, முன்னூறு, நூற்றொன்று. பல வீட்டுக்காரர்கள் வரவே இல்லை. நான் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். நடுவே, வராத சிலரின் பெயரையும் பத்தாயிரம், பதினையாயிரம் என்று சேர்த்து வாசித்தேன். குழாய் சும்மா இருக்கக் கூடாது. நிவேதா ஒவ்வொரு முறையும் பேனாவைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். எழுதவில்லை.

கடைசியாக மருதையன் வந்தார். வெள்ளைச் சட்டை. இரண்டு முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இந்திராதான் பரிமாறினாள். "உப்பு, காரம் எல்லாம் சரியா இருக்கும்மா" என்றார். கை கழுவி மேசைக்கு வந்து ஆயிரத்தொன்று வைத்தார்.

"அண்ணே, உங்க குரல்ல எம்பேரு ஒருதடவை கேக்கணும்."

வாசித்தேன். நன்றாகத்தான் வாசித்தேன்.

அறுநூறு இலை கட்டுப் பிரிக்காமல் இருக்கிறது. மாலை இந்திரா வந்து நின்றாள். "எவ்வளவுண்ணே வந்துச்சு?" "முக்காவாசி வந்துருச்சு. மிச்சம் ரெண்டு நாள்ல வரும்" என்றேன்.

வரவு: 58,200.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நிவேதா வந்தாள். பின்னாலேயே இந்திரா. நிவேதா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அலமாரியிலிருந்து இந்த நோட்டை எடுத்தாள்.

"அது கோர்ட்டு நோட்டும்மா" என்றேன்.

"தெரியும் மாமா."

நின்றுகொண்டே அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். மந்திரியை வாசிக்கவில்லை. ஒயர் சுற்றியதை வாசிக்கவில்லை. ஒவ்வொரு நாளிலும் கடைசி வரியை மட்டும் விரல் வைத்து வாசித்தாள். இல்லை. இல்லை. ஆயிரத்து இருநூறு. இல்லை. இல்லை. அறுநூறு. இல்லை. இல்லை. இல்லை. இல்லை. தொள்ளாயிரம். இல்லை. ஐம்பத்தெட்டாயிரத்து இருநூறு.

எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நாற்பது வருடம் மைக் பிடித்தவன் நான். இவ்வளவு சின்ன அறிவிப்பை நான் வாசித்ததே இல்லை.

இந்திரா பிறகு கேட்டாள்: "மாடியில தண்ணித்தொட்டி போன மாசந்தாண்ணே புதுசா மாத்துனேன். அதைக் கழட்டிக்கிறலாமா? இல்ல, அதுவும் அவுகளுக்கா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வரவு: இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கெடு முடிந்தது. மருதையன் ஆபீசுக்குப் போய், வந்த மொய்யைக் கட்டிவிட்டுத் தொட்டியைப் பற்றிக் கேட்டேன். நான் கேட்டவுடன் ஒத்துக்கொண்டார்.

"எடுத்துக்கட்டும்ணே. நாம என்ன அரக்கனா? ஐம்பத்தெட்டாயிரத்தை வட்டியில வரவு வச்சுக்கிட்டேன். வீட்டுக்கு நாம்போட்ட வெலை நாலு லட்சம். அதுபோக மிச்சத்துக்கு உங்க வீட்டுப் பத்திரத்தையும் ஒருதடவை பாத்துருவோம். இப்பத்தான் உங்க மேல கேஸு இல்லையே."

மேசையில் ஒரு கவர் இருந்தது. அதை என் பக்கம் தள்ளினார்.

"ஆவணி கடைசியில அந்த எடத்துல பூமி பூஜை. காம்ப்ளக்ஸ் வருது. மைக்செட் நீங்கதாண்ணே. வேற ஆளை வச்சா நல்லாருக்காது. அட்வான்ஸு வச்சுக்கங்க."

கிடாக்காரர் காலையிலிருந்து என் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். பந்தல்காரரும் வந்துவிட்டார்.

கவரை அவர் முகத்தில் எறிந்துவிட்டு எழுந்து வந்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலு வரி நன்றாகவே வந்திருக்கும். ஆனால் கடைசி வரியும் எழுத வேண்டும்.

வரவு: 2,000.